மடோல்த் தீவுக்குப் பயன் சொன்னவர்

சண்டிலிப்பாயில் சாதாரண நாட்களில் ஒலிப்பதிவுக்கு உகந்த நேரம் என்று ஒன்று கிடையாது. விடியற்புறம் கோயில் மணி. மணி ஓய்ந்ததும் ஒலிபெருக்கியில் பக்திப் பாடல். வெளிச்சம் வரமுன்னரே லான்ட்மாஸ்ரர் தடதடத்துக்கொண்டு தோட்டப் பக்கம் போகும். பிறகு பாண் ஓட்டோ பீதோவனின் மெட்டை இசைத்தபடி ஒழுங்கை ஒழுங்கையாய் ஏறி இறங்கும். காரைநகர் வீதியில் மினிபஸ்கள் ஒன்றையொன்று முந்தும்போது அடிக்கிற ஹோர்ன் நாலு வளவு தாண்டிக் கேட்கும். வெயில் ஏறினால் தண்ணீர்ப் பம்பு, பின்னேரம் பெடியளின் கிரிக்கெட், இரவானால் நாய்கள். எல்லாம் அடங்கின பிறகும் வீட்டுக்குள் பிறிட்ஜ் இரைந்துகொண்டிருக்கும். காதுக்கு அது தெரியாது. மைக்குக்கு நன்றாகத் தெரியும்.

2022ஆம் ஆண்டில் இந்தச் சத்தங்கள் ஒவ்வொன்றாக நின்றன. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை. மார்ச் 31ஆம் திகதி நாடு முழுவதும் 13 மணிநேர மின்வெட்டு. பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தன. மேல் மாகாணத்தில் வினாத்தாள் அச்சிடக் காகிதம் இல்லாமல் தவணைப் பரீட்சையைத் தள்ளிவைத்தார்கள். அந்த மாதங்களில்தான் நானும் சித்தப்பாவும் 'மடோல்த் தீவு' நாவலை முழுவதுமாக ஒலிப்பதிவு செய்தோம். கரண்ட் வரும் நேரத்தில் மடிக்கணினியைச் சார்ஜ் போட்டுக்கொள்வது, போனதும் பதிவைத் தொடங்குவது. ஊரே சபித்த இருட்டில் எங்களுக்கு ஒரு நல்ல ஒலிப்பதிவுக் கூடம் கிடைத்தது. அதை வெளியில் சொல்லிச் சந்தோஷப்பட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் அந்த அமைதியை வீணாக்கக் கூடாது என்று நினைத்தேன்.

தொடக்கம் ஒரு பிள்ளை. பார்வையில்லாதவன், அப்போது வயது பன்னிரண்டு இருக்கும். உறவுக்காரர் வீட்டுக்கு விடுமுறைக்கு வந்திருந்தான். சுன்னாகத்தில் வாழ்வகம், கைதடியில் நவீல்ட் பாடசாலை என்று எங்கள் பக்கத்தில் பார்வையற்ற பிள்ளைகள் படிக்கவும் தங்கவும் இடங்கள் உண்டு. பாடப்புத்தகம் எப்படியோ பிரெயிலில் கிடைத்துவிடுகிறது. கதைப்புத்தகம்தான் கிடைப்பதில்லை. சாதாரண அச்சில் கைக்கு அடக்கமான ஒரு நாவல், பிரெயிலில் தடித்த தாளில் புள்ளி புள்ளியாய் எழும்போது பல பாகங்களாகப் பெருத்துவிடும். ஆகவே அவன் கணினியில் வாசிக்கப் பழகியிருந்தான். என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பான், அதற்குள் தமிழ் பேசும் ஓர் இயந்திரக் குரல். அவுஸ்திரேலியாவில் பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் 2006இல் எழுதத் தொடங்கிய மென்பொருள் அது. உலகெங்கும் எத்தனையோ பேருக்குப் படிப்பையும் வேலையையும் திறந்துவிட்டது. அதைப் பற்றி அவனுக்கும் மரியாதை இருந்தது. "பாடம் படிக்க நல்லம் அன்ரி. ஆனால் கதையிலை ஆர் சிரிக்கினம், ஆர் அழுகினம் எண்டு தெரியாது. எல்லாரும் ஒரே மாதிரித்தான் கதைப்பினம்."

அவன் சொன்னது எனக்கு உடனே விளங்கியது. கதைகளை நானும் முதலில் காதால் படித்தவள்தான்.

1990இல் போர் மறுபடி தொடங்கியபின் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் கிடைத்தாலும் பவுண் விலை. ஒரு ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் எண்ணெய் விட்டு, மூடியில் துளைபோட்டுத் திரியை ஏற்றினால் ஓர் இரவைக் கடத்தலாம். அந்தச் சுடருக்குப் பக்கத்தில் ஒரு புத்தகத்தைத்தான் விரிக்க முடியும். விளக்குக்குக் கிட்ட இருப்பவர் வாசிப்பார். மற்றவர்கள் இருட்டுக்குள் இருந்து கேட்பார்கள். எங்கள் வீட்டில் வாசித்தவள் பெரியக்கா. தைத்துக் கட்டிய பழைய அம்புலிமாமாக்கள். வேதாளம் பேசும் இடத்தில் அக்கா குரலைத் தாழ்த்துவாள். நாங்கள் பாயில் ஒருவரோடொருவர் ஒட்டிக்கொள்வோம். படங்களைப் பார்க்க விடியும்வரை காத்திருக்க வேண்டும். விடிந்து பார்த்தால் சித்திரத்து அரசன் என் மனத்திலிருந்த அரசனைவிடச் சின்னவனாக இருப்பான்.

வானொலியும் அப்படித்தான். பற்றறி ஊருக்குள் வரத் தடை. சைக்கிளைக் கவிழ்த்து நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வயர் இழுத்து ரேடியோவுக்குக் கொடுப்பார்கள். பிபிசி தமிழோசையோ வெரித்தாஸோ வரும் நேரத்துக்கு ஒழுங்கையில் உள்ளவர்கள் எங்கள் முற்றத்தில் கூடுவார்கள். சுற்றும் வேகம் குறைந்தால் செய்தி வாசிப்பவர் தேய்ந்துபோவார். "சுத்தடி பிள்ளை!" என்று எல்லாரும் சத்தம் போடுவார்கள். என் வயதுப் பிள்ளைகளுக்குக் கேட்பது என்பது உடம்பால் செய்கிற வேலையாக இருந்தது. ஒரு தலைமுறை முழுவதும் சில வருடங்கள் காதாலேயே படித்தது. கண் இருந்தும் புத்தகம் எட்டாத நிலை என்ன என்று எங்களுக்குத் தெரியும். அதனால்தான் ஒலிநூலைக் கண்ணில்லாதவர்களுக்கான மாற்று ஏற்பாடு என்று யாராவது சொன்னால் நான் ஏற்பதில்லை. அதுவும் முழு வாசிப்புத்தான்.

பிரித்தானியாவில் பேசும் புத்தகம் என்ற ஏற்பாடே போரிலிருந்து பிறந்தது. முதலாம் உலகப் போரில் பார்வை இழந்த இயன் பிரேசர் என்ற பிரித்தானிய அதிகாரி, தன்னைப்போல் கண்ணிழந்த படையினருக்காகப் பல காலம் முயன்று, 1935இல் இங்கிலாந்தில் இசைத்தட்டுகளில் முழு நூல்களை வெளிவரச் செய்தார். அகதா கிறிஸ்டியின் ஒரு துப்பறியும் நாவலும் ஜோசப் கொன்ராட்டின் கடல் கதை ஒன்றும் முதலில் வந்தவற்றுள் அடங்கும். தட்டின் ஒரு பக்கத்தில் 25 நிமிடப் பேச்சு அடங்கும். ஒரு நாவலுக்குத் தட்டுகள் அடுக்காகத் தேவைப்பட்டன. எங்கள் போரிலும் எத்தனையோ பேர் கண்ணை இழந்தார்கள். அவர்களுக்குக் கைத்தடி கொடுத்தோம், சக்கர நாற்காலி கொடுத்தோம், தையல் மெசின் கொடுத்தோம். கதை கொடுக்க வேண்டும் என்று எங்களில் அதிகம் பேருக்குத் தோன்றவில்லை. எனக்கும் அந்தப் பிள்ளை வந்து சொல்லும்வரை தோன்றவில்லை.

என்ன புத்தகம்? பிள்ளைக்குத் தீவுக் கதை வேண்டும். வீட்டைவிட்டு ஓடுகிற கதை வேண்டும். அப்படியென்றால் இந்த நாட்டில் ஒன்றுதான். மார்ட்டின் விக்கிரமசிங்க சிங்களத்தில் எழுதி 1947இல் வெளிவந்த 'மடோல் தூவ'. சுந்தரம் சௌமியனின் தமிழில் 'மடோல்த் தீவு'. தாயில்லாத குழப்படிக்காரன் உபாலி, அவன் வீட்டில் வேலைக்கு நின்ற ஜின்னா, இருவரும் ஊரைவிட்டு ஓடிப்போய், பேய் உலாவுவதாகச் சனங்கள் நம்பும் ஆளில்லாத தீவொன்றைத் தமக்குரியதாக ஆக்கிக்கொள்ளும் கதை. லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் அதைப் படமாக்கினார். தெற்கில் அந்தக் கதை தெரியாத பிள்ளையைக் காண்பது அரிது. வடக்கில் அதைத் தெரிந்த பிள்ளையைக் காண்பதுதான் அரிது.

யார் வாசிப்பது? சொந்தக்காரர்களிடம் முதல் அத்தியாயத்தில் ஒரு பக்கம் வாசித்து அனுப்பச் சொன்னேன். ரொறொன்ரோவிலிருந்து பெரியக்கா அனுப்பினாள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் ஒரு மருமகள் அனுப்பினாள். ஆசிரியர் ஒருவர் அனுப்பினார். பிள்ளை எல்லாவற்றையும் ஹெட்போனில் கேட்டுவிட்டு மிக நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னான். மருமகள் செய்தி வாசிக்கிறாளாம். ஆசிரியர் வாசித்து முடித்ததும் கேள்வி கேட்கப்போகிறார் போலிருக்கிறதாம். பெரியக்காவின் குரல் பிடித்ததாம், ஆனால் அவ கனடாவில் இருந்துகொண்டு எப்படி நாள்தோறும் வாசிப்பா என்று அவனே கேட்டான். கடைசியாக ஒன்று. சித்தப்பா திண்ணையில் இருந்தபடி, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, என் தொலைபேசியில் சும்மா வாசித்துப் பார்த்தது. "இவர்தான்" என்றான். "ஏன்?" என்று கேட்டேன். "இவருக்கு அடுத்தது என்ன நடக்கும் எண்டு அறிய ஆசை கிடக்கு."

சித்தப்பா தபாலதிபராக இருந்தவர். எழுபதுகளில் காலிப் பக்கம் சேவை செய்தவர். சிங்களம் சரளம். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் கடிதம் வாசித்துச் சொல்வதும் அந்தக் காலத்துத் தபாற்கந்தோரில் ஒரு வேலைதான். சாவுத் தந்தியை எந்தக் குரலில் வாசிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியும். 1983க்குப் பிறகு ஊரோடு வந்துவிட்டார். வந்த நாளிலிருந்து கோயிலில் புராணப் படிப்பு.

கச்சியப்பரின் கந்தபுராணத்தைப் படிக்கும் முறையை வெளியூர் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒருவர் செய்யுளைச் சீர் பிரித்து இராகத்தோடு படிப்பார். மற்றவர் உடனே அதன் பொருளை வசனத்தில் விரிப்பார். இதற்குப் பயன் சொல்லுதல் என்று பெயர். சபையில் முக்கால்வாசிப் பேர் கையில் புத்தகம் இல்லாதவர்கள். என் அம்மம்மா கையெழுத்துப் போட மட்டும் தெரிந்தவ. ஆனால் சூரபன்மன் எந்த இடத்தில் என்ன சொன்னான் என்று அவவிடம் கேட்கலாம். மார்கழியில் பெருங்கதை விரதத்துக்குச் சுன்னாகம் வரத பண்டிதரின் பிள்ளையார் கதை வாசிக்கும்போது, படிப்பவர் ஓர் அடியை விட்டால் கண்ணை மூடிக்கொண்டே திருத்துவா. கல்வளைப் பிள்ளையாரும் சீரணி நாகபூஷணி அம்மனும் இருக்கிற இந்த ஊரில் புத்தகத்தைக் கேட்டுப் படிப்பது புதிதாக வந்த தொழில்நுட்பம் இல்லை. மைக் மட்டும்தான் புதிது.

மைக்கை ஒரு முக்காலியில் வைத்தோம். வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் இடைவெளி. 'ப' என்று வரும் இடத்தில் காற்று மோதி வெடிக்கும். அதற்குக் கடையில் விற்கும் தடுப்பு கொழும்பில்தான் கிடைக்கும், விலையும் அதிகம். பழைய அரிதட்டு ஒன்றின் வலையைக் கழற்றிவிட்டு, வளையத்தில் நைலோன் துணியை இரட்டையாக இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் நிறுத்தினேன். வேலை செய்தது. ஜன்னலுக்கு மெத்தை. அலுமாரிக் கதவுகளைத் திறந்து, உள்ளே தொங்கிய சேலைகள் அறைக்குள் முகம் காட்டும்படி விட்டேன். சீமெந்துச் சுவரில் முட்டித் திரும்பும் குரலைச் சேலை குடித்துவிடும். சித்தப்பாவுக்கு ஒரே ஒரு தண்டனை, வெற்றிலை கூடாது. வெற்றிலை போட்ட வாயில் எச்சில் நொடிக்கும் சத்தம் ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் 'டிக்' என்று கேட்கும். பால் தேத்தண்ணியும் இல்லை, வெறும் சுடுதண்ணி.

ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் முன் யாரும் பேசாமல், அசையாமல், அரை நிமிடம் பதிவு செய்வோம். ஓடாசிற்றி என்ற மென்பொருளுக்கு அந்த அறையின் வெறும் இரைச்சலை முதலில் காட்டினால், பிறகு வாசிப்பிலிருந்து அதை மட்டும் பிரித்து எடுத்துவிடும். சித்தப்பா அந்த அரை நிமிடத்தில் கண்ணை மூடிக்கொண்டு வாய்க்குள் விநாயகர் துதி சொல்வார். உதடு அசைவது தெரியும், சத்தம் வராது. அடுத்தது தாள் புரளும் சத்தம். பக்கத்தின் கடைசி வரியை மனத்தில் பிடித்து, நிறுத்தி, தாளைத் திருப்பி, மூச்சு எடுத்து, அதே தொனியில் தொடர வேண்டும். புராணம் படித்தவருக்கு அது கைவந்த வேலை. நான் வெட்டித் தொகுக்க வேண்டிய இடங்கள் எதிர்பார்த்ததில் பாதிகூட இல்லை.

உபாலிக்கும் ஜின்னாவுக்கும் அவர் குரலை மாற்றவில்லை. வேகத்தை மாற்றினார். உபாலி யோசிக்க முன்னமே பேசுவான், ஜின்னா கொஞ்சம் இழுப்பான். கதையில் வரும் பொடிகாமரால பேசும்போது சித்தப்பாவின் தோள் தானாகச் சாயும், குரலிலும் ஒரு கமக்காரனின் நிதானம் வந்துவிடும். சிங்களப் பெயர்களை அவர் உச்சரித்த விதத்தில் அந்தத் தென்கரை ஊர் அப்படியே வந்து நின்றது. யாழ்ப்பாணத்துத் தமிழில் ஒரு காலிக் கதை. இதைவிடப் பொருத்தமான வாசகரை நான் எங்கே போய்த் தேடியிருப்பேன்?

சிக்கல் மூன்றாம் நாளோ நாலாம் நாளோ தொடங்கியது. நடுவில் நிறுத்தி, கண்ணாடியைக் கழற்றி, மைக்கைப் பார்த்தே சித்தப்பா விளக்கம் சொல்லத் தொடங்கினார். களப்பு என்றால் என்ன, கண்டல் மரத்தின் வேர் எப்படித் தண்ணீருக்கு மேலால் வளைந்து நிற்கும், அதுக்குள்ளால் ஓடம் விடுவது ஏன் கஷ்டம் என்றெல்லாம்.

"சித்தப்பா, புத்தகத்திலை இது இல்லை."

"இல்லைத்தான். பயன் சொல்லாமல் போனால் அந்தப் பிள்ளைக்கு எப்படி விளங்கும்?"

ஒலிநூலுக்கு உலகம் முழுவதும் ஒரு நியதி உண்டு. அச்சில் உள்ளதை அப்படியே வாசி, கூட்டாதே, குறைக்காதே. பார்வையுள்ளவனுக்குக் கிடைக்கும் அதே நூல் பார்வையற்றவனுக்கும் கிடைக்க வேண்டும் என்பதுதான் காரணம். மிகச் சரியான காரணம். எனக்கு எது தேவை, எது விளங்காது என்று இன்னொருவர் முடிவுசெய்வது அவமதிப்பு. இதைச் சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "கச்சியப்பரை நான் மாத்தினதே? பாட்டு பாட்டாய்த்தான் கிடக்கும். பயன் தனி" என்றார். அதுவும் சரிதான். புராணப் படிப்பில் மூலத்தையும் விளக்கத்தையும் யாரும் மாறிக் கேட்பதில்லை. இரண்டுக்கும் இரண்டு குரல், இரண்டு நடை. அதன்படியே செய்தோம். நாவல் ஒரு கோவையாக, எழுத்துப் பிசகாமல். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பயன் தனிக் கோவையாக. வேண்டியவர் கேட்கலாம், வேண்டாதவர் விடலாம்.

அந்தப் பயன்களில் ஒன்றை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். விக்கிரமசிங்க பிறந்த ஊர் கொக்கல. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியர் அங்கே கடல் விமானங்களுக்குத் தளம் அமைக்க ஊரையே எழுப்பிவிட்டார்கள். வீடுகள் இடிபட்டன. அவர் பிறந்த வீடு தப்பியது, இன்று அங்கே நாட்டாரியல் அருங்காட்சியகம் இருக்கிறது. ஊர் கலைந்து ஐந்தாறு வருடங்களுக்குள் இந்த நாவல் வந்தது. சித்தப்பா இதைச் சொல்லிவிட்டுச் சொன்னார்: "எங்கடை பலாலியும் அந்தச் சண்டையிலை கட்டின விமானத்தளந்தான் தம்பி. அதைச் சுத்தியிருந்த சனம் பிறகு எழும்பிப் போனது உனக்குத் தெரியும். இந்தக் கதை எழுதினவற்றை ஊரும் எழும்பின ஊர்தான். அதை மனசிலை வைச்சுக்கொண்டு, அந்தப் பெடியள் ரெண்டுபேரும் ஒரு துண்டு நிலத்துக்கு ஏன் அவ்வளவு பாடுபடுறாங்கள் எண்டு கேள்." நாவலை அதுவரை ஒரு சாகசக் கதையாகவே வைத்திருந்தேன். என் வீட்டு அறையில், ஹெட்போனோடு இருந்த எனக்கு அது வேறு கதையானது. 1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் நடந்த சனங்களில் நாங்களும் இருந்தோம்.

முடித்த கோவைகளை யூரியூப்பில் போடச் சொல்லிப் பலர் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். விக்கிரமசிங்க இறந்தது 1976இல். ஆசிரியர் இறந்து 70 ஆண்டுகள் நூலின் உரிமை நீடிக்கும். மொழிபெயர்த்தவரின் உழைப்புக்கும் உரிமை உண்டு. அச்சை வாசிக்க முடியாதவர்களுக்காக நூல்களை வேறு வடிவில் ஆக்குவதற்கு 2013ஆம் ஆண்டு மராக்கேஷ் உடன்படிக்கை வழி திறந்தது. இலங்கை அதில் 2016இல் இணைந்தது. அந்த வழி அவர்களுக்காக மட்டும் திறந்தது. கண் நன்றாகத் தெரிகிற நாங்கள் அதற்குள்ளால் புகுந்து இலவசமாய்க் கேட்பது திருட்டு. எங்களுக்குப் புத்தகம் கடையில் இருக்கிறது, வாங்கலாம். ஆகவே நினைவட்டையில் ஏற்றி, அந்தப் பிள்ளைக்கும் அவனைப் போன்ற பிள்ளைகளுக்கும் மட்டும் கொடுத்தோம்.

கொடுக்கப்போன நாளில் சித்தப்பாவும் வந்தார். பெற்றோலுக்கு வரிசை நின்ற காலம், ஆகவே சைக்கிளில். பையில் என்னவோ நீளமாய் வைத்திருந்தார். மண்டைதீவுக் கரையில் தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லி எடுப்பித்த கண்டல் காய்கள். முருங்கைக்காய் போல நீண்டு, நுனி கூராய் இருந்தன. பிள்ளையின் கையில் ஒன்றை வைத்தார். அவன் அடியிலிருந்து நுனிவரை விரலை ஓட்டி, கூரைத் தொட்டு, மணந்து பார்த்து, "இது மரத்திலை நிக்கேக்கையே முளைக்கத் தொடங்குமோ?" என்று கேட்டான். பயன் கோவையில் சித்தப்பா சொல்லாத விஷயம் அது. அவருக்கு வந்த சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. அரை மணித்தியாலம் இரண்டுபேரும் கண்டலைப் பற்றியே கதைத்தார்கள்.

நாவலை அவன் எத்தனை முறை கேட்டான் என்று தெரியாது. தீவில் இரவு வெளிச்சம் தெரியும் அத்தியாயத்தை மற்றப் பிள்ளைகளுக்கு விளக்கை அணைத்துவிட்டுப் போட்டுக் காட்டினானாம். "எங்களுக்கு லைற் எரிஞ்சாலும் ஒண்டுதான் அன்ரி, ஆனால் அங்கை கண் தெரிஞ்ச பெடியளும் இருந்தவங்கள். அவங்களும் பயப்பிட வேணுமெல்லே."

இப்போது சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறான். குரல் உடைந்துவிட்டது. அடுத்த புத்தகத்தைத் தொடங்கிவிட்டோம். உரிமை உள்ளவரிடம் எழுத்தில் அனுமதி வாங்கி, சித்தப்பாதான் வாசிக்கிறார். பயன் சொல்லும் பொறுப்பைத் தனக்குத் தரவேண்டும் என்று அவன் கேட்டான். சித்தப்பா ஒரு நிபந்தனை வைத்தார்: முதலில் முழுக்கக் கேட்க வேண்டும், எங்கே விளங்கவில்லை என்று ஓர் இடம்கூட விடாமல் குறிக்க வேண்டும், பிறகுதான் வாய் திறக்கலாம். அவன் பிரெயிலில் குறிப்பு எடுக்கிறான். மின்சாரம் ஒழுங்காய் வருவதால் பம்புகளும் பாண் ஓட்டோவும் பிறிட்ஜும் திரும்பிவிட்டன. நாங்கள் நடுச்சாமம் தாண்டிப் பதிவு செய்கிறோம். வேலை மெதுவாகத்தான் போகிறது. நாலாம் அத்தியாயம் எங்கே என்று கேட்டு அவன் நேற்றும் கோல் எடுத்தான்.